மேலாதிக்க நிறுவனத்தின் வலையமைப்பைப் பிராட்பேண்ட் போட்டிக்குத் திறந்துவிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய இணைப்பு விற்கும் நிறுவனங்கள் பல இருக்கலாம். ஆனால் வீட்டு வாசல் வரை வரும் கம்பி பெரும்பாலும் ஒன்றுதான். அந்தக் கம்பியும், அது செல்லும் நிலத்தடிக் குழாயும், அதைத் தாங்கும் கம்பமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது மற்றவர்களை எந்த நிபந்தனைகளின் பேரில் உள்ளே அனுமதிப்பது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையில் இன்றுவரை தீராத வழக்கு. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

தன் பணத்தில் போட்ட கம்பியை ஒரு நிறுவனம் போட்டியாளருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

"தன் பணம்" என்பதை முதலில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் செப்புக் கம்பி வலையமைப்பு அரசுத் துறையாலோ, சட்டமே ஏகபோக உரிமை கொடுத்த நிறுவனத்தாலோ போடப்பட்டது. வேறு யாரும் நுழைய முடியாது என்ற பாதுகாப்பு இருந்தது. சந்தாதாரர்கள் வேறு வழியின்றிக் கட்டிய மாத வாடகையிலிருந்து பல பத்தாண்டுகளில் அதன் செலவு வசூலானது. பிரிட்டிஷ் டெலிகாம் 1984-இல் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அந்த வலையமைப்பு மொத்தமும் ஒரே நிறுவனமாகவே கைமாறியது. ஆகவே, இங்கே பேசப்படுவது திறந்த சந்தையில் துணிந்து முதலிட்டு வென்ற ஒருவரின் சொத்து மட்டுமல்ல. ஒரு காலத்துச் சட்டப் பாதுகாப்பின் எச்சமும்கூட.

இரண்டாவது காரணம் செலவின் இயல்பில் இருக்கிறது. வீடுகளுக்குக் கம்பி கொண்டுசெல்லும் செலவில் பெரும்பகுதி கம்பிக்கோ கருவிக்கோ ஆவதில்லை; தெருவைத் தோண்டுவதற்கும், குழாய் பதிப்பதற்கும், தோண்டியதை மூடுவதற்கும் ஆகிறது. ஒரு தெருவின் நூறு வீடுகளில் இருபதை மட்டும் பிடிக்கும் புதிய நிறுவனமும் தெரு முழுவதையும் தோண்டித்தான் ஆக வேண்டும். பழைய நிறுவனத்துக்கோ அந்தச் செலவு என்றோ முடிந்துவிட்டது. நெருக்கமான நகரப் பகுதிகளில் இரண்டாவது, மூன்றாவது வலையமைப்பு தாக்குப்பிடிக்கலாம். வீடுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில் இரண்டாவது வலையமைப்பை யாரும் போட மாட்டார்கள். அங்கே திறந்துவிடாமல் போட்டி என்று பேசுவதில் பொருள் இல்லை.

"மேலாதிக்கம்" என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒழுங்குமுறை ஆணையம் முதலில் சந்தையை வரையறுக்கிறது: எந்தச் சேவை, எந்தப் பகுதி, அதற்கு மாற்றாக வாடிக்கையாளர் எதை ஏற்பார் என்று பார்க்கிறது. பிறகு அந்தச் சந்தையில் போட்டியாளரையோ வாடிக்கையாளரையோ பொருட்படுத்தாமல் விலையை உயர்த்தும் வலிமை யாருக்காவது உள்ளதா என்று ஆராய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த சட்டக் கட்டமைப்பில் இந்த வலிமை, போட்டிச் சட்டத்தில் சொல்லப்படும் மேலாதிக்க நிலைக்குச் சமமாக வைக்கப்பட்டது. 50 விழுக்காட்டுக்கு மேல் நிலையான சந்தைப் பங்கு இருந்தால் அது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால், பங்கு மட்டும் போதாது. எளிதில் இன்னொருவர் கட்ட முடியாத வசதி ஒரு நிறுவனத்திடம் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலாதிக்கம் குற்றமல்ல. தவறு நடந்த பிறகு தண்டிப்பது போட்டிச் சட்டத்தின் வேலை. தவறு நடக்க வாய்ப்புள்ள இடத்தில் முன்கூட்டியே கடமைகளை விதிப்பது ஒழுங்குமுறையின் வேலை.

"கடைசி மைல்" எனப்படுவது உண்மையில் எது?

தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து சந்தாதாரர் வீடு வரை செல்லும் செப்புக் கம்பி ஜோடிதான் அது. எக்ஸ்சேஞ்சின் ஒரு அறையில் எம்.டி.எஃப். என்று பணியாளர்கள் சொல்லும் பெரிய இரும்புச் சட்டம் நிற்கும். அதன் ஒரு பக்கத்தில் தெருவிலிருந்து வரும் கேபிள்களின் ஆயிரக்கணக்கான ஜோடிகள் வரிசையாக முடிந்திருக்கும். மறுபக்கத்தில் நிறுவனத்தின் கருவிகளுக்குச் செல்லும் முனைகள் இருக்கும். இரண்டையும் ஜம்பர் எனப்படும் மெல்லிய கம்பி இணைக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் நிறுவனம் மாறும்போது, தெருவில் எதுவும் நடப்பதில்லை. பணியாளர் அந்த ஜம்பரைக் கழற்றி, அதே கட்டடத்தில் போட்டி நிறுவனம் வைத்திருக்கும் கருவிக்குச் செல்லும் முனையில் மாட்டுகிறார். சில நிமிடங்களில் முடியக்கூடிய வேலை. உலகெங்கும் இத்தனை ஆண்டுகளாக நடந்த வழக்குகளும் விசாரணைகளும், அந்த ஜம்பரை எப்போது, எந்த விலைக்கு, யார் சொல்லி மாட்டுவது என்பதைச் சுற்றியவைதான்.

திறந்துவிடுவதில் எத்தனை வகை?

மேலிருந்து கீழாகச் சொன்னால் விளங்கும். மிக மேலோட்டமானது மறுவிற்பனை: மேலாதிக்க நிறுவனத்தின் சேவையையே போட்டியாளர் தள்ளுபடி விலையில் வாங்கித் தன் பெயரில் விற்கிறார். அடுத்தது, பிட்ஸ்ட்ரீம் எனப்படும் மொத்த விற்பனைச் சேவை: எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிகள் மேலாதிக்க நிறுவனத்துடையவை, அவற்றின் வழியாக வரும் தரவோட்டத்தை ஏதோ ஓர் இடத்தில் போட்டியாளர் பெற்றுக்கொள்கிறார். அதற்கும் கீழே போனால் செப்புக் கம்பியையே வாடகைக்கு எடுப்பது வருகிறது. கம்பி முழுவதையும் எடுக்கலாம். அல்லது, பேச்சுக்குரிய தாழ்ந்த அதிர்வெண்களைப் பழைய நிறுவனத்திடமே விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள தரவுப் பகுதியை மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் குழாயும் கம்பமும் இருக்கின்றன. அவற்றில் போட்டியாளர் தன் சொந்த ஒளியிழையை இழுத்துக்கொள்கிறார். யாரும் ஒளியேற்றாத வெற்று இழையை வாடகைக்குக் கொடுப்பது இதற்கு அண்டை வீடு.

ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் இயற்றிய 2887 எண்ணுள்ள ஒழுங்குமுறைச் சட்டம், 2001 ஜனவரி முதல் செப்புக் கம்பியைப் பகுத்துக் கொடுப்பதை, அதாவது போட்டியாளருக்குத் தனியாக வாடகைக்கு விடுவதை, கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் சென்றன.

போட்டிக்கு இவற்றில் எது நல்லது?

இயன்றவரை கீழே உள்ளது நல்லது என்பதே இந்தப் பக்கத்தை எழுதுபவரின் தெளிவான கருத்து. மறுவிற்பனையில் போட்டியாளர் மாற்றக்கூடியது விலைச்சீட்டையும் வாடிக்கையாளர் சேவையையும் மட்டும்தான். வேகம், தரம், புதிய வசதி எதுவும் அவர் கையில் இல்லை. கம்பியையே எடுத்துத் தன் கருவியை மாட்டுபவர் மேலாதிக்க நிறுவனம் கொடுக்க விரும்பாததையும் கொடுக்க முடியும்.

பிரான்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே ஃப்ரீ என்ற நிறுவனம் 2002-இல் மாதம் 29.99 யூரோவுக்கு பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியது. எக்ஸ்சேஞ்சுகளில் தன் சொந்தக் கருவிகளை வைத்து, அவற்றைத் தன் ஒளியிழையால் இணைத்து, இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே பெட்டியில் அது கொடுத்தது. அந்த விலையைச் சந்தை முழுவதும் பின்பற்ற வேண்டியதாயிற்று. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் குழுமத்தின் யாஹூ பிபி சேவை 2001-இல் என்.டி.டி. நிறுவனத்தின் செப்புக் கம்பிகளை வாடகைக்கு எடுத்து ஏற்படுத்திய விலைச்சரிவும் இதே வகையைச் சேர்ந்தது.

இருப்பினும், புதிதாக வருபவர் எடுத்த எடுப்பில் எல்லா எக்ஸ்சேஞ்சிலும் கருவி வைக்க முடியாது. முதலில் பிட்ஸ்ட்ரீம் வாங்கி வாடிக்கையாளரைச் சேர்த்து, எண்ணிக்கை போதுமான இடங்களில் படிப்படியாகச் சொந்தக் கருவிக்கு மாறுவது இயல்பான வழி. பொருளியலாளர் மார்ட்டின் கேவ் இதை "முதலீட்டு ஏணி" என்று பெயரிட்டார். இந்த ஏணியில் மறுவிற்பனையும் பிட்ஸ்ட்ரீமும் கீழ்ப்படிகள், சொந்தக் கருவி மேல்படி. கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பது மிகவும் மலிவாக இருந்தால் யாரும் மேலே ஏற மாட்டார்கள். மேல்படிகள் எட்டாத உயரத்தில் இருந்தாலும் ஏற மாட்டார்கள். படிகளுக்கு இடையிலான விலை வேறுபாட்டைச் சரியாக வைப்பதுதான் ஆணையத்தின் கடினமான வேலை.

வாடகையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்?

மூன்று அடிப்படைகள் புழக்கத்தில் உள்ளன. சில்லறை விலையிலிருந்து விற்பனைச் செலவைக் கழிப்பது ஒன்று. அது சில்லறை விலையே அநியாயமாக இருந்தால் அந்த அநியாயத்தையும் சேர்த்தே கடத்துகிறது. கணக்குப் புத்தகத்தில் உள்ள உண்மைச் செலவை எடுப்பது இரண்டாவது. இன்றைய தொழில்நுட்பத்தில், திறமையாக நடத்தப்படும் ஒரு வலையமைப்பைப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது மூன்றாவது. அமெரிக்காவின் ஃபெடரல் தகவல்தொடர்பு ஆணையம் 1996-இல் இந்த மூன்றாவது முறையின் ஒரு வடிவத்தை விதித்தது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது முறை ஏட்டளவில் அழகானது. ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதித்து, விலை முழுவதும் வசூலாகி, இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்கப்போகும் குழாய்க்கு இன்று புதிதாகத் தோண்டும் செலவைக் கணக்கிட்டால், சந்தாதாரர் ஒரே பள்ளத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். ஆகவேதான் மீண்டும் கட்டத் தேவையில்லாத பழைய குழாய்களுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பையும், புதிதாகப் போட வேண்டிய இழைக்கும் கருவிக்கும் இன்றைய செலவையும் எடுத்துக்கொள்வது நியாயமான வழியாகத் தோன்றுகிறது. ஐரோப்பிய ஆணையம் 2013-இல் வெளியிட்ட பரிந்துரையும் பழைய குழாய்கள் போன்ற பொதுக் கட்டமைப்பை இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொன்னது.

"இலாப இடைவெளியை நெரிப்பது" என்றால் என்ன?

ஓர் எளிய கணக்கு. மேலாதிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு மாதம் 100 என்ற விலையில் இணைப்பு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டியாளருக்குக் கம்பியின் மொத்த விற்பனை விலை 85. வாடிக்கையாளரைத் தேடுவது, பில் போடுவது, புகார் கேட்பது, தரவைக் கொண்டுசெல்வது எல்லாம் சேர்த்து, மேலாதிக்க நிறுவனத்துக்கே 20 ஆகிறது. அதே திறமையுள்ள போட்டியாளர் 100-க்கு விற்றால் மாதந்தோறும் 5 நட்டம். மேலாதிக்க நிறுவனத்துக்கு நட்டமில்லை. சில்லறையில் இழப்பதை மொத்த விற்பனையில் எடுத்துக்கொள்கிறது. கதவு திறந்திருக்கிறது என்று அது நீதிமன்றத்தில் உண்மையாகவே சொல்லலாம். ஆனால், உள்ளே வருபவர் எவரும் பிழைக்க முடியாது.

ஐரோப்பிய ஆணையம் 2003-இல் ஜெர்மனியின் டாய்ச்செ டெலிகாம் நிறுவனத்துக்கு இந்தக் காரணத்துக்காக 1 கோடியே 26 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அந்த வழக்கில் சில ஆண்டுகள் மொத்த விலை சில்லறை விலையைவிடவே அதிகமாக இருந்தது. சில்லறை விலைக்கு ஜெர்மன் ஆணையத்தின் ஒப்புதல் இருந்தது என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் ஏற்கவில்லை. ஸ்பெயினின் டெலிஃபோனிகா 2007-இல் 15 கோடி யூரோவுக்கும் அதிகமாக அபராதம் பெற்றது. அமெரிக்கா வேறு பாதையில் சென்றது: 2009-இல் லிங்க்லைன் வழக்கில் அதன் உச்ச நீதிமன்றம், போட்டியாளருக்கு விற்க வேண்டிய கடமையே போட்டிச் சட்டத்தில் இல்லாதபோது, இடைவெளி குறுகியது என்று மட்டும் சொல்லி வழக்காட முடியாது என்றது.

விலை நியாயமாக இருந்தும் போட்டியாளர்கள் ஏன் உள்ளே வர முடிவதில்லை?

திறந்துவிடும் சட்டங்கள் தோற்ற இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

கம்பியை எடுக்க, முதலில் எக்ஸ்சேஞ்சுக்குள் கருவி வைக்க இடம் வேண்டும். இடமில்லை என்று சொல்லிவிட்டால் அதை வெளியிலிருந்து யார் சரிபார்ப்பது? இடம் உண்டு என்றால் தனி அறை கட்ட வேண்டும், தனிக் குளிர்சாதனம் வேண்டும், தனி வாசல் வேண்டும் என்று செலவை ஏற்றலாம். மின்சாரம் தாமதமாகலாம். உள்ளே செல்ல ஒவ்வொரு முறையும் பல நாள் முன்பே அனுமதி கேட்கச் சொல்லலாம். கருவி பழுதானால் அந்த நாட்கள் முழுவதும் வாடிக்கையாளருக்கு இணைப்பு இருக்காது, அவர் திட்டுவதோ போட்டி நிறுவனத்தைத்தான். இணைப்பு மாற்றும் நாளில் பழைய ஜம்பரைக் கழற்றிவிட்டுப் புதியதை மறுநாள் மாட்டினால், மாறிப் பார்த்தவர் அக்கம்பக்கத்தில் சொல்லும் சேதி ஒன்றே ஒன்றாக இருக்கும். போட்டியாளர் கம்பி கேட்டு விண்ணப்பித்த மறுநாளே அந்த வீட்டுக்கு மேலாதிக்க நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து சலுகை அழைப்பு போவதும் உண்டு. இவற்றில் ஒன்றையும் தனியாக எடுத்துக் குற்றம் என்று நிரூபிப்பது எளிதல்ல. எல்லாம் சேர்ந்தால் சந்தை மூடிவிடுகிறது.

பதிவான ஒரு நிகழ்வைக் காட்டலாம். பிரிட்டனில் வணிக நிறுவனங்களுக்கான அதிவேக இணைப்புகளை உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால், பிரிட்டிஷ் டெலிகாமின் வலையமைப்புப் பிரிவான ஓப்பன்ரீச் பிற தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். சில குறிப்பிட்ட சூழல்களில், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதாகவே கருதி நாளைத் தள்ளிவைக்க ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. 2013, 2014 ஆண்டுகளில் அந்த விதியைத் தவறாகப் பயன்படுத்தி இழப்பீட்டைக் குறைத்ததற்காக, அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2017-இல் பிரிட்டிஷ் டெலிகாமுக்கு 4 கோடியே 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஒப்பந்தத்தின் ஒற்றை விதி எவ்வளவு எடை கொண்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆகவே, நல்ல உத்தரவு விலையோடு நின்றுவிடக் கூடாது. இணைப்பு கொடுக்கும் நாள், பழுது நீக்கும் நேரம், தவறினால் தானாகவே கணக்கில் வரவாகும் இழப்பீடு, தன் சொந்தச் சில்லறைப் பிரிவுக்கும் போட்டியாளருக்கும் ஆன சராசரி நாட்களை அருகருகே வெளியிடும் கடமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலாதிக்க நிறுவனத்தின் சில்லறைப் பிரிவும் போட்டியாளரும் ஒரே கணினி அமைப்பில், ஒரே படிவத்தில், ஒரே வரிசையில் நின்று விண்ணப்பிக்க வேண்டும். "இதற்கு நிகரானது" என்று சொல்லி வேறொரு வழியைப் போட்டியாளருக்குத் தனியாகக் கட்டிக் கொடுப்பதை ஏற்கக் கூடாது. தானும் அதே வரிசையில் நிற்கும்போதுதான் அந்த வரிசையை விரைவாக்கும் அக்கறை மேலாதிக்க நிறுவனத்துக்கு வருகிறது.

அப்படியானால் வலையமைப்பைத் தனி நிறுவனமாகவே பிரித்துவிடலாமே?

பிரிக்கலாம், பிரித்தும் இருக்கிறார்கள். கணக்குகளை மட்டும் பிரிப்பது முதல், உரிமையையே பிரிப்பது வரை பல நிலைகள் உள்ளன. பிரிட்டிஷ் டெலிகாம் 2005-இல் ஆஃப்காமுக்குச் சட்டப்படி கட்டுப்படும் உறுதிமொழிகளைக் கொடுத்து, 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவை அமைத்தது. அதன் மேலாளர்களின் ஊக்கத்தொகை கூடக் குழுமத்தின் இலாபத்தோடு அல்லாமல், அந்தப் பிரிவின் செயல்பாட்டோடு பிணைக்கப்பட்டது. அது போதவில்லை என்ற குறை தொடரவே, 2017-இல் சட்டப்படி தனி நிறுவனமாக்க உடன்பாடு ஆனது. உரிமை மட்டும் குழுமத்திடமே இருக்கிறது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி போனது. அங்கே டெலிகாம் நிறுவனம் 2008-இல் செயல்பாட்டளவில் பிரிக்கப்பட்டது. 2011 முடிவில் வலையமைப்பு கோரஸ் என்ற முற்றிலும் தனியான நிறுவனமாயிற்று. அரசு உதவியுடன் ஒளியிழை போடும் திட்டத்தில் பங்கேற்க வேண்டுமானால் சில்லறை விற்பனையில் இருக்கக் கூடாது என்று அரசு வைத்த நிபந்தனையே இதைச் சாத்தியமாக்கியது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டிருக்கக்கூடிய பிரிவினை, நிறுவனத்தின் சொந்த முடிவாகவே நடந்தது.

பிரிவினைக்கும் விலை உண்டு. பிரித்த வலையமைப்பு நிறுவனமும் ஏகபோகம்தான். அதன் விலையையும் தரத்தையும் ஆணையம் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்குவது ஒன்றே: தன்னிடம் கம்பி வாங்கும் போட்டியாளரின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் உள்நோக்கம்.

திறக்க மறுத்த, அல்லது திறந்து மூடிய நாடுகள் உண்டா?

அமெரிக்கா திறந்து மூடியது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய உள்ளூர் தொலைபேசி நிறுவனங்கள் தம் வலையமைப்பின் பகுதிகளைத் தனித்தனியாக வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்றது. பல புதிய நிறுவனங்கள் கிளம்பின. 2000-க்குப் பிறகு முதலீடு வற்றியபோது அவற்றில் பல திவாலாயின. 2003-இல் ஆணையம், கம்பியின் தரவுப் பகுதியை மட்டும் கொடுக்கும் கடமையைப் படிப்படியாக நீக்கியது. வீடு வரை செல்லும் புதிய ஒளியிழைக்குப் பெரும்பாலும் விலக்களித்தது. 2005-இல், செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக பிராட்பேண்ட் தரும் டி.எஸ்.எல். சேவை தொலைத்தொடர்புச் சேவை என்ற வகையிலிருந்தே வெளியே எடுக்கப்பட்டது. கேபிள் டி.வி. நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் மோதிக்கொண்டாலே போதும் என்பது அந்த முடிவின் அடிப்படை. இரண்டு பேர் மட்டுமே உள்ள சந்தையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விலை வைப்பார்கள் என்ற எச்சரிக்கை அன்றே ஒலித்தது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2004-இல் உள்ளூர்ச் செப்புக் கம்பிகளைத் திறந்துவிடப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வெளியான பிராட்பேண்ட் கொள்கை, பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். மீது அதைக் கட்டாயமாக்கவில்லை.

திறந்துவிட்டால் புதிய முதலீடு நின்றுவிடாதா?

இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒளியிழை போடுபவர் தோற்றால் நட்டம் முழுவதும் அவருடையது. வென்றால் போட்டியாளர்கள் செலவு விலைக்குப் பங்கு கேட்பார்கள் என்றால், போட வேண்டிய ஆர்வம் குறையத்தான் செய்யும். ஆகவே, துணிந்து போட்ட புதிய இழைக்குக் கூடுதல் ஆதாயம் அனுமதிப்பதும், போட்டியாளர் தொடக்கத்திலேயே முதலீட்டில் பங்கேற்றால் அவருக்கு நல்ல நிபந்தனை கொடுப்பதும் பொருத்தமானவையே. 2018-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய கூட்டு முதலீட்டுக்கு இடம் கொடுத்தது.

ஆனால், "புதியது" என்ற சொல்லையே கவசமாக்கி மொத்த விலக்குக் கேட்பது வேறு. ஜெர்மனி 2007-இல் புதிய சந்தைகளுக்கு ஒழுங்குமுறை விடுமுறை அளிக்கும் விதியைக் கொண்டுவந்தபோது, 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. புதிய இழை பழைய குழாயில்தான் ஓடுகிறது. அந்தக் குழாய் புதியதல்ல.

ஒளியிழை வந்த பிறகு கம்பியைப் பகுத்துக் கொடுப்பது இன்னும் முடியுமா?

செப்பில் இருந்த எளிமை இல்லை. வீடுகளுக்கான ஒளியிழை அமைப்புகளில் பெரும்பாலும் ஒரே இழை எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எக்ஸ்சேஞ்சில் நின்று ஒரு வீட்டின் இழையை மட்டும் கழற்றி வேறொருவருக்கு மாட்ட வழியில்லை. வீட்டுக்கொரு இழையைத் தனியாக இழுக்கும் அமைப்பில் முடியும்; அது தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. செப்பிலும் இதே சிக்கல் வந்தது: பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலை ஒருசேரக் கணக்கிட்டு நீக்கும் வெக்டரிங் முறை, ஒரு தெருப்பெட்டியின் எல்லாக் கம்பிகளும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். வேகம் கூடியது, கம்பியைத் தனியே எடுக்கும் உரிமை சுருங்கியது.

இதற்குப் பதிலாக வந்ததே "மெய்நிகர்ப் பகுப்பு" எனப்படும் சேவை. கருவி மேலாதிக்க நிறுவனத்துடையது; ஆயினும் போட்டியாளர் உள்ளூரிலேயே தரவைப் பெற்று, வேகத்தையும் தரத்தையும் ஓரளவு தானே அமைத்துக்கொள்ளலாம். பழைய பிட்ஸ்ட்ரீமைவிட மேல். தனிக் கம்பியைவிடக் கீழ்.

அப்படியென்றால் குழாயையும் கம்பத்தையும் திறப்பதே வழியா?

குழாய்கள் நல்ல நிலையில் உள்ள இடங்களில் ஆம் என்றே சொல்ல வேண்டும். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் பழைய நிறுவனத்தின் குழாய்களைச் செலவு விலையில் திறந்தன. போட்டி நிறுவனங்கள் தோண்டாமலே தம் இழைகளை இழுத்தன. வீடு வரை ஒளியிழை எட்டுவதில் இந்நாடுகள் ஐரோப்பாவில் முன்வரிசைக்கு வந்தன. கட்டடத்துக்குள் செல்லும் கடைசித் துண்டு இழையை யார் போட்டாலும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2008-இல் விதித்தது. அங்கே மேலாதிக்கம் யாருக்கு என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லோர்மீதும் ஒரே கடமை.

ஆனால், எந்தக் குழாயில் எவ்வளவு இடம் உள்ளது என்ற வரைபடம் சரியாக இல்லாவிட்டால் இந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். மூடியைத் திறந்த பிறகு குழாய் மண்ணால் அடைத்திருப்பது தெரிந்தால், சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். செப்புக் கேபிள் நேரடியாக மண்ணில் புதைக்கப்பட்ட பகுதிகளில் இந்த வழி உதவாது.

ஊராட்சியோ அரசோ தானே வலையமைப்பைப் போட்டு எல்லோருக்கும் கொடுப்பது?

ஸ்டாக்ஹோம் நகரம் 1994-இல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெற்று இழையை எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. தான் இணையச் சேவை விற்பதில்லை. நகரத் தெருக்கள் ஒருமுறை தோண்டப்பட்டால் போதும் என்பது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. ஆஸ்திரேலியா 2009-இல் நாடு முழுவதற்குமாக அறிவித்த தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பும் மொத்த விற்பனையோடு நிற்பது. ஆனால், தொழில்நுட்பத் தேர்வு ஆட்சி மாற்றத்தோடு மாறியது அதன் செலவையும் தரத்தையும் பாதித்தது. அரசு கட்டலாம், ஒருமுறை முடிவெடுத்தால் அதில் நிலைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடமைகள் எப்போது நீங்கும்?

பகுதி பகுதியாக நீங்க வேண்டும். ஒரு நகரத்தில் மூன்று வலையமைப்புகள் உண்மையாகவே போட்டியிட்டால் அங்கே கட்டுப்பாட்டைத் தளர்த்துவது சரி. பக்கத்தில் ஒரே வலையமைப்பு உள்ள சிற்றூருக்கும் அதே தளர்வை நீட்டுவது தவறு. நுழைவுத் தடை உயர்ந்தும் நிலைத்தும் இருக்கிறதா, சந்தை தானாகவே போட்டியை நோக்கி நகர்கிறதா, போட்டிச் சட்டம் மட்டுமே போதுமா என்ற மூன்று கேள்விகளை ஐரோப்பிய ஆணையங்கள் குறித்த கால இடைவெளியில் மீண்டும் கேட்கின்றன.

செப்பு வலையமைப்பை மூடும்போது, அதை நம்பி வந்த போட்டியாளர்கள் என்ன ஆவார்கள்?

இன்று பல நாடுகளில் நடந்துகொண்டிருப்பது இதுதான். எக்ஸ்சேஞ்சில் கருவி வைத்து, ஜம்பர் மாட்டி வளர்ந்த நிறுவனங்களின் முதலீடு, மேலாதிக்க நிறுவனம் செப்பை நிறுத்தும் நாளில் பயனற்றுப் போகும். மூடும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் மேலாதிக்க நிறுவனத்திடமே இருந்தால், போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் மாற வழி தேடும் வேளையில் அதன் சில்லறைப் பிரிவு ஒளியிழைச் சலுகையோடு வாசலில் நிற்கும். இதைத் தடுக்க, 2018-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டத் தொகுப்பு, மூடும் திட்டத்தை முன்கூட்டியே ஆணையத்துக்கு அறிவிக்கவும், தெளிவான கால அட்டவணை வைக்கவும், குறைந்தது நிகரான தரமுள்ள மாற்று மொத்தச் சேவை கிடைப்பதை உறுதி செய்யவும் கோருகிறது. பிரிட்டனில் ஓர் எக்ஸ்சேஞ்ச் பகுதியின் 75 விழுக்காடு கட்டடங்களுக்கு அதிவேக இழை எட்டிய பிறகே அங்கே புதிய செப்பு இணைப்பு விற்பதை ஓப்பன்ரீச் நிறுத்தலாம் என்று ஆஃப்காம் 2021-இல் வகுத்தது. மூடும் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே மாற்றுச் சேவையின் விலையும், இடமாற்றச் செலவை யார் ஏற்பது என்பதும், மேலாதிக்க நிறுவனத்தின் சில்லறைப் பிரிவுக்கு அந்தத் தேதி எப்போது தெரியவந்தது என்பதும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும் என்று ஆணையங்கள் வற்புறுத்த வேண்டும்.